எந்தப் பக்கம் போறதுன்னு தெரியலையா? முதல்ல நிக்கிற இடத்தைக் குறிங்க

[காட்சி: காசிமேடு, விடியற்காலை. கரையை நோக்கித் திரும்பும் படகு.]

ஜி.பி.எஸ். வர்றதுக்கு முன்னாடி, கரை தெரியற தூரத்துல மீன்பிடிக்கிறவங்க கரையிலேயே அடையாளம் பார்ப்பாங்க. ஒரு கோபுரமும் அதுக்குப் பின்னாடி ஒரு பனைமரமும் நேரா வந்தா, படகு அந்தக் கோட்டுல எங்கேயோ இருக்கு. சரியா எங்கேன்னு தெரியணும்னா வேற பக்கத்துல இன்னொரு ஜோடி வேணும். ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம்தான் படகு நிக்கிற இடம்.

டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா வீட்டுல இருக்கிறவங்க, மணலியில கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கிட்டே "இது நமக்கானது இல்ல"ன்னு தவிக்கிறவங்க, எல்லாரும் நேரா "எங்க போகணும்"னு கேக்குறாங்க. நிக்கிற இடம் தெரியாம திசை சொல்லவே முடியாது. அதனால முதல்ல ரெண்டு கோடு போடுவோம்.

[காட்சி: நாப்பது பக்க நோட்டு, மூணு பத்தி.]

முதல் கோடு, உங்க நாள். ஏழு நாளைக்கு என்ன செஞ்சீங்க, எவ்வளவு நேரம், முடிஞ்சதும் உடம்பும் மனசும் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. இப்படி:

"செவ்வாய். பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கழட்டி மாட்டுனது. ஒன்றரை மணி நேரம். பசியே தெரியல."
"புதன். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பம். ரெண்டு மணி நேரம். தலைவலி."

அன்னன்னைக்கு ராத்திரியே எழுதிடணும். வாரக் கடைசியில நினைச்சு எழுதினா, செஞ்சது வராது, செஞ்சிருக்க வேண்டியதுதான் வரும். பெரும்பாலான நோட்டு கெட்டுப்போறது இங்கதான்.

ரெண்டாவது கோடு, பணம். கையில இருக்கிறதை மாசம் தவிர்க்க முடியாத செலவால வகுங்க. 18,000 ரூபாய் இருக்கு, செலவு 6,000. மூணு மாசம். தேடிப் பார்க்க உங்களுக்கு இருக்கிற நேரம் அவ்வளவுதான். ரெண்டு மாசத்துக்குக் கீழ வந்தா, முதல்ல பகுதி நேர வேலை ஒண்ணைப் பிடிச்சுட்டு அப்புறம் தேடுங்க. பயத்துல எடுக்குற முடிவு தப்பாப் போகும்.

இன்னொண்ணையும் பார்த்துடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காம, பிடிச்சதுகூடப் பிடிக்காமப் போச்சுன்னா இது வெறும் வேலைப் பிரச்சினை இல்ல. 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மனஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் இது, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். நோட்டு காத்திருக்கும்.

[காட்சி: சின்ன ரிப்பேர் கடை. மேஜையில பிரிச்சுப் போட்ட மோட்டார்.]

இப்போ ரெண்டு கோடும் வெட்டுற இடம். நோட்டுல "பசியே தெரியல"ன்னு விழுந்தது மிக்ஸி, பணம் தாங்குறது மூணு மாசம்னா, அந்த ரிப்பேர் வேலை செய்யற மூணு பேரைப் பாருங்க. "இந்த லைன் நல்லா இருக்குமாண்ணே?"ன்னு கேக்காதீங்க, "வா தம்பி, நல்லா இருக்கும்"னுதான் பதில் வரும். "காலையில முதல் ரெண்டு மணி நேரம் என்ன வேலை பார்ப்பீங்க? முதல் வருஷம் கையில எவ்வளவு நின்னுச்சு? விட்டுட்டுப் போனவங்க ஏன் போனாங்க?" கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்தான் தங்கம்.

அப்புறம் 14 நாள் கூடவே இருந்து கை வெச்சுப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். பார்க்காமலே கோச்சிங் சென்டர்ல மொத்தப் பணத்தையும் கட்டிடாதீங்க. வடசென்னை அரசு ஐ.டி.ஐ.யில பயிற்சிக்குக் கட்டணம் இல்ல, மாசம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. டிகிரி முடிச்சவங்க அங்க போறதுல எந்தக் குறைச்சலும் இல்ல. பரீட்சைக்குப் படிக்கிற வழின்னா, ஒத்தை ரூம் வீட்டுல டிவி சத்தத்துக்கு நடுவுல திண்டாட வேண்டாம். கொளத்தூர்ல 2024 நவம்பர்ல திறந்த முதல்வர் படைப்பகத்துல படிக்க இடம் இருக்கு.

அந்த 14 நாளும் அதே நோட்டு, அதே மூணு பத்தி. ஒன்பது நாளுக்கு மேல "பசி தெரியல" வகை வரி விழுந்திருந்தா பயிற்சியில சேருங்க. அஞ்சுக்குக் கீழன்னா, முதல் வார நோட்டுல "பசி தெரியல" வகையில அடுத்து இருக்கிற வேலையை எடுங்க. நடுவுல நின்னா, அதே வேலையை இன்னொரு கடையில ஒரு வாரம் பாருங்க. பல நேரம் பிடிக்காமப் போனது வேலை இல்ல, அந்தக் கடைதான்.