போல்ட் பெட்டியோடு போகும் கரிமக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பாவுக்கு போல்ட், நட்டு ஏற்றுமதி செய்பவர்கள் சிலர், “2026-இல் கரிம எல்லை வரி வெறும் 2.5 சதவீதம்தானாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்காக ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியின்மேல் போடும் வரி இது (சிபிஏஎம்). அந்த 2.5 எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் இப்படி நிம்மதியாக இருக்க முடியாது.

ஐரோப்பிய உருக்காலைகள் தாங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் விலை கொடுக்கின்றன. ஒரு டன் சரக்குக்கு இத்தனை டன் வாயு என்று ஓர் அளவுகோல் வைத்து, அதுவரை அவற்றுக்கு இலவச ஒதுக்கீடு உண்டு. இறக்குமதிச் சரக்குக்கும் அதே சலுகையைக் கழித்துத்தான் வரி. 2026-இல் அளவுகோலில் 97.5 சதவீதம் கழியும், 2030-இல் 51.5, 2034-இல் பூஜ்யம். 2026-இல் கழியாமல் மிஞ்சுவதுதான் அந்த 2.5. கவனியுங்கள், கழிவது அளவுகோலில்தான். உங்கள் சரக்கு வெளியிட்ட வாயுவில் இல்லை.

ஒரு டன் போல்ட்டுக்குக் கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். போல்ட் செய்ய வாங்கும் உருக்குக் கம்பி, அதாவது வயர் ராட், 1,050 கிலோ. ஊதுலை உருக்கு, டன்னுக்கு 2.3 டன் வாயு. ஆக 2.415 டன். ஸ்கிராப்பாகப் போன 50 கிலோவின் வாயுவும் நல்ல சரக்கின் தலையில்தான் விழும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.    மின்சாரத்தைச் சேர்க்காதீர்கள். சிமெண்டுக்கும் உரத்துக்கும் அது உண்டு, இரும்பு உருக்குக்கு இப்போதைக்கு இல்லை. சேர்த்தால் சொந்தச் செலவில் வரியை ஏற்றிக்கொள்வதுதான்.

அளவுகோல் 1.4, வாயு டன்னுக்கு 75 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவது 1.4-இல் 97.5 சதவீதம், அதாவது 1.365. மிச்சம் 1.05 டன், அதாவது ஏறக்குறைய 79 யூரோ. “வெறும் 2.5 சதவீதம்” என்று நம்பியவர் போட்டுவைத்த கணக்கோ ஐந்து யூரோகூட வராது! அளவுகோலே உற்பத்தி முறைக்கு ஏற்ப மாறும் என்பதால், ஸ்கிராப்பை உருக்கும் மின் உலைச் சரக்குக்குக் கணக்கைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

இந்த வரியைச் சான்றிதழ் வாங்கித்தான் கட்ட வேண்டும். அதை வாங்கிப் பணம் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். 2026 சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. கணக்குக் காட்டக் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. ஆனால் விலை பேசும்போதே அவர் அதை உங்கள் பக்கம் தள்ளப் பார்ப்பார். ஆண்டுக்கு 50 டன் வரை விலக்கு என்பதும் இறக்குமதியாளருக்குத்தான். நீங்கள் மூன்று டன்தான் அனுப்பினாலும், மற்றவர்களிடம் வாங்கியதோடு சேர்த்து அவர் 50-ஐத் தாண்டினால் விலக்கு கிடையாது.

சிக்கல் பெரும்பாலும் வயர் ராடில்தான். அதைத் தயாரித்த மில் தன் வாயுத் தரவைத் தராவிட்டால், ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த இயல்பு மதிப்புதான் கணக்கில் ஏறும். அதன்மேல் கூடுதல் சதவீதமும் வைத்திருக்கிறார்கள். உண்மைத் தரவு தரவைப்பதே நோக்கம். சொந்தத் தரவு கொடுத்தாலும் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எந்த ஹீட் நம்பர் (மில்லில் ஒருமுறை உருக்கிய உருக்குக்கு இடும் எண்) வயர் ராட் எந்த லாட் போல்ட்டாயிற்று என்ற பதிவு கைவசம் இருக்க வேண்டும். இரண்டு மில் சரக்கை ஒரே அடுக்கில் கலந்து வைத்துவிட்டுப் பிறகு பிரிக்க முடியாது. அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே வாயுத் தரவு தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சரக்கை எடுத்த பிறகு கேட்டால் மில் அலுவலகத்தில் யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.