கடைசி வயல் குடிச்சாச்சா?

(எங்கள் ஊரில் நடந்த படத்திறப்பில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

பெரியப்பா இருந்திருந்தால் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார். வந்தாலும் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டு, யாருக்கெல்லாம் இன்னும் காபி வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் படத்துக்கு மாலை போட்டு, மைக் பிடித்து நான் பேசுவது அவருக்குப் பிடிக்காத காரியம்தான். பெரியம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

பெரியப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். இங்கே இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது என்ன வேலை என்று தெரியாது. அதிகாரி இல்லை. மதகுப் பலகையை ஏற்றி இறக்க வேண்டும். கரையில் நடந்துகொண்டே, நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் உடைப்பெடுத்தால் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையுமாக விடிய விடிய நிற்க வேண்டும்.

மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே பிரிந்து, வெண்ணாற்றில் வருகிற தண்ணீர் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் பங்காகும். அப்புறம் எத்தனை மதகு, எத்தனை வாய்க்கால்! எல்லோரும் குடித்த மிச்சம்தான் திருத்துறைப்பூண்டிக்குக் கீழே இருக்கிற நமக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும். நாம் நாற்றங்காலை உழுது போட்டுவிட்டு வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். கடைமடைக்காரனுக்குத்தான் லஸ்கர் யார் என்பது தெரியும்.

மதகைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி அவர் வீட்டில் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். ஏழு வயதில் அதை எடுத்து விளையாடி ஓர் அறை வாங்கினேன். அவரிடம் நான் வாங்கிய அடி அது ஒன்றுதான்.

2003ஆம் வருஷத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போயிற்று. சம்பாவுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். பயிர் பொதி கட்டுகிற நேரம். ஒரு ராத்திரி பெரியம்மாவின் தம்பி வந்து வாசலில் நின்றார். அவருடைய வயல் மதகுக்குப் பக்கத்தில். அன்றைக்கு முறையோ கடைசி வயல்காரர்களுக்கு.

“அத்தான், ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் விடுங்க. போதும்.”

“இன்னிக்கு முறை உன்னுது இல்லப்பா.”

அவ்வளவுதான் பேச்சு. மச்சானை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். பெரியப்பா கைப்பிடியைத் தோளில் வைத்துக்கொண்டு போய், விடிகிற வரை மதகின் மேலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் திரும்பி வந்தபோது பெரியம்மா முகம் கொடுக்கவில்லை. பொங்கல் வரைக்கும் பேசவில்லை. சிரிக்கிறீர்களே பெரியம்மா, நான் சொல்வது பொய்யா?

அந்த மாமாவுக்குப் பாதிக்கு மேல் பதராகப் போனது. அறுப்பு முடிந்ததும் பெரியப்பா தன் பங்கு நெல்லில் இரண்டு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய், மச்சான் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு வந்தார். உள்ளே போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான். சொந்த மனுஷனுக்கு ஒரு மணி நேரம் விட்டால் என்ன? நானும் என் தம்பியும் இதை வைத்து எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். இப்போதும் எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அந்தக் கடைசி வயல்காரர்களில் இரண்டு பேர் இந்தப் பந்தலுக்குக் கால் நட்டவர்கள்.

வீட்டை மறந்து ஊருக்கு உழைத்தார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மூன்று பெண் பிள்ளைகளையும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். பெரியம்மா டைபாய்டில் படுத்திருந்த ஒரு மாதமும் அவர்தான் சோறு வடித்து, மூன்று தலைக்கும் இரட்டைச் சடை பின்னி அனுப்பினார். வகிடு கோணலாகத்தான் இருக்கும். அக்காக்கள் வழியிலேயே அவிழ்த்துப் போட்டுக்கொள்வார்கள், அவரிடம் சொன்னதில்லை.

தண்ணீர் விட்ட ராத்திரியில் கரையில் யாரைப் பார்த்தாலும், “கடைசி வயல் குடிச்சாச்சா?” என்றுதான் கேட்பார். பெரிய அக்கா கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் இவரைத் தேடுகிறார்கள், ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிடுகிறார். சாம்பார் தீர்ந்துவிட்டிருந்தது.

கஜா புயல், 2018 நவம்பர் 16. அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விடிந்ததும் நாமெல்லாம் ஓடு போன கூரையையும் விழுந்த தென்னையையும் பார்த்து நின்றோம். அவர் அரிவாளோடு மதகுக்குப் போனார். மரமும் கீற்றும் அடைத்துக் கிடக்கிறது, மேற்கே மழை பெய்தால் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்றார். தனியாகத்தான் போனார். சாயங்காலம் பத்துப் பேர் சேர்ந்துவிட்டோம்.

ஓய்வு பெற்ற அன்றைக்கே கைப்பிடியைத் துறையிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது சாத்தியிருந்த இடத்தில் சுவரில் துருக்கறை மட்டும் இருக்கிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெரியம்மா அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார்களாம்.

சரி, முடிக்கிறேன். நம் தெற்கு வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரையும் காட்டாமணக்குமாகக் கிடக்கிறது. அது ‘சி’ பிரிவில் வருகிற சின்ன வாய்க்கால், துறை வெட்டாது, நாம்தான் வெட்ட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு வருஷா வருஷம் அவர்தான் ஆள் கூட்டுவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகடியில் இருப்பேன். மம்பட்டி இல்லாதவர்கள் சும்மா வாருங்கள், பெரியம்மா வீட்டில் இரண்டு இருக்கிறது.