பனியன் கம்பெனிக்கு இணையம் வந்தபோது

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 1990-களின் பிற்பகுதியில் திருப்பூரின் சிறிய பனியன் கம்பெனிகளில் ஏறி இறங்கி, இணையம் எதற்கு உதவும் என்று விளக்கிக்கொண்டிருந்தவன் நான். அந்த அனுபவத்தைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பொதுமக்களுக்கான இணைய இணைப்பை, வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனித்த அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில்தான் கிடைத்தது. வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். தொலைபேசிக் கட்டணம் தனி. "உலகமே உங்கள் மேசைக்கு வரும்" என்று சொல்லிப் பார்த்தால், முதலாளிகள் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "அது நூல் விலையைக் குறைத்துக் கொடுக்குமா, தம்பி?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

வழி திறந்தது ஒரு பேக்ஸ் தாளால். ஐரோப்பாவிலிருந்து குழந்தைகள் டி-சர்ட்டுக்கு ஆர்டர். அளவுப் பட்டியல் பேக்ஸில் வந்திருந்தது. கழுத்து அகலம் 16 சென்டிமீட்டரா, 18-ஆ? முதலாளி தாளைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். கட்டிங் மாஸ்டர் 18 என்கிறார். கணக்குப்பிள்ளை 16 என்கிறார். இரண்டு சென்டிமீட்டர்தானே என்று விட முடியாது. குழந்தையின் தலை நுழையாது. கேட்கலாம் என்றால், அங்கே அலுவலகம் திறக்க நமக்கு நண்பகல் தாண்டிவிடும். அதற்கும் ஐ.எஸ்.டி., அதாவது வெளிநாட்டு அழைப்புக் கட்டணம். அதுவரை துணி மேசையில் கிடக்கும், ஆட்கள் சும்மா நிற்பார்கள். போதாததற்கு, அந்த வழவழப்பான தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும் என்று உடனே ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்.

அங்கேதான் சொன்னேன்: மின்னஞ்சலில் அவர்கள் 18 என்று தட்டினால் இங்கே 18 என்றே தெரியும். அவ்வளவுதான். அடுத்த வாரமே, கணினியைத் தொலைபேசி வழியே இணையத்தோடு சேர்க்கும் மோடத்தின் விலை கேட்டு அவர் ஆள் அனுப்பினார். திரும்பவும் சொல்கிறேன், நேயர்களே: சிறுதொழில் செய்பவரிடம் இணையத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் தாளிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

மீட்டர் ஓடுமே என்ற பயத்துக்கும் வழி இருந்தது. மின்னஞ்சல்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிட்டுத் துண்டித்துவிடலாம். 1998 நவம்பரில் இணைய இணைப்பு வழங்கத் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தபின் நிலைமை இன்னும் இளகியது.

ஆனால் மொழி பெரும் தடை. ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்தது, அது இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் விசைப்பலகைக்கும், எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் குறியீட்டுக்கும் பொதுத் தரம் பேசி முடிவெடுத்தார்கள். அதுவரை, ஆங்கிலம் அறிந்த மேலாளரே முதலாளிக்குக் கண். ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளின் வேலையைக் கூலிக்கு எடுத்துத் தைத்தவர்களுக்கோ யாருமே இல்லை. அவர்களுக்கும் சேர்த்து அன்றே தமிழில் வகுப்பு நடத்தியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் உறுதி.

நிலையத்தார் நேரத்தைக் காட்டுகிறார்கள். சொந்த இணைய முகவரி பதிவு செய்வது பற்றிச் சொல்ல நினைத்தேன், முடியாது. மோசடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் யாராவது, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கு மின்னஞ்சல் அனுப்பக்கூடும். கணக்கு மாறினால் தொலைபேசியிலும் சொல்வோம், மின்னஞ்சலை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வணக்கம்.