தாடை வலிக்கும் முழங்கைக்கும் என்ன சம்பந்தம்?

(திரையில்: இரு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்திருக்கும் ஒரு பெண்)

ஆள்காட்டி விரல்களைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் ஒரு எலும்பு முனை அதே இடத்தில் சுழலும். இன்னும் திறந்தால் அது முன்பக்கம் வழுக்கிப் போய், விரலுக்கடியில் சின்னப் பள்ளம் விழும். இதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் போலச் சுழன்று, இழுப்பறை போல நகரவும் செய்கிற மூட்டு இது.

இரண்டு எலும்புக்கும் நடுவே நார்த்தன்மையுள்ள ஒரு சிறு வட்டு உண்டு. அது இடம் நழுவி, வாய் திறக்கும்போது திரும்ப ஏறி உட்கார்ந்தால் 'டக்' என்று சத்தம் வரும். பலர் பயப்படுவது இந்தச் சத்தத்துக்குத்தான். வலி இல்லாத சத்தத்துக்குப் பொதுவாக வைத்தியமே தேவையில்லை. எம்ஆர்ஐ எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் வட்டு நழுவியிருப்பது தெரியும். அதாவது மூட்டு கெட்டிருக்கும் அளவும் வலிக்கும் அளவும் ஒன்றல்ல.

(திரையில்: மூன்று விரல்களை நெட்டுவாக்கில் அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைப்பது)

பெரியவர்கள் பெரும்பாலோருக்கு வாய் 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். தோராயமாக அவரவர் விரல் மூன்று. வலி வந்தவர்களுக்கு இது குறையலாம், ஒரு பக்கம் கோணலாகவும் திறக்கலாம். தசை இறுகிக்கொள்வதால்தான் வலி என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1991-இல் ஜேம்ஸ் லண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதைத் திருப்பிப் போட்டார்கள். வலிக்கிற தசை கடிக்கும்போது முழுப் பலத்தையும் காட்டாது. வாய் திறக்கும்போது பிரேக் போட்டதுபோல் இழுத்துப் பிடிக்கும். அசைவு சிறுத்து, வேகம் குறையும். வலிக்கிற இடத்தைக் காப்பாற்ற உடம்பு எடுக்கும் முன்னெச்சரிக்கை இது என்றார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

கழுத்தும் இதில் சேர்ந்ததுதான். கண்ணாடி முன்னால் நின்று ஒரு பெரிய முறுக்கைக் கடியுங்கள். தாடை கீழே இறங்கும்போது தலை கொஞ்சம் பின்னால் சாயும். ஸ்வீடனின் உமேயா பல்கலைக்கழகத்தில் இந்த ஜோடி அசைவை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நரம்பு வழியிலும் உறவு உண்டு: தாடையின் வலியைக் கொண்டுவரும் ட்ரைஜெமினல் நரம்பும் மேல்கழுத்தின் நரம்புகளும் மூளைத்தண்டை ஒட்டி ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. தாடை வலிக்காரருக்குத் தலைவலி, காதுவலி, கழுத்துவலி எல்லாம் கூடவே வருவது அதனால்தான்.

சரி, முழங்கை எங்கே வந்தது?

(திரையில்: முழங்கையில் அழுத்தமானி)

வலியளக்க ஒரு எளிய கருவி உண்டு. நுனியில் ரப்பர். அதை மெதுவாக அழுத்திக்கொண்டே போவார்கள். அழுத்தமாக இருந்தது வலியாக மாறும் நொடியில் நீங்கள் பொத்தானை அமுக்க வேண்டும். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ஓப்பெரா என்ற பெரிய ஆய்வில், தாடை வலிக்காரர்களைக் கன்னம், நெற்றிப்பொட்டு, தோள் மட்டுமின்றி முழங்கையிலும் அழுத்திப் பார்த்தார்கள். முழங்கையில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் மற்றவர்களைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே அவர்களுக்கு வலித்தது.

பல மாதம் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், முதுகுத்தண்டும் மூளையும் அதைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. இதைக் கேட்டு, 'அப்போ எல்லாம் மனசுதானா?' என்று கோபப்படுவார்கள். இல்லை. நரம்பு மண்டலம் வேலை செய்யும் விதமே மாறியிருக்கிறது. என்னைக் கேட்டால், அதே ஆய்வில் வந்த இன்னொரு முடிவுதான் முக்கியம்: வலி தொடங்கியபோது தாங்கும் அளவு இறங்கியது, வலி தீர்ந்தவர்களுக்கு அது மேலே ஏறியது. நிரந்தரமாகக் கெட்டுப்போகிற சமாச்சாரம் அல்ல.

2023-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்கு முன்னே வைத்தது கத்தியை அல்ல. சிகிச்சையாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கையால் மூட்டை அசைத்துக்கொடுப்பது, வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை. வட்டை அறுத்தெடுப்பதையும், கடியை நிரந்தரமாக மாற்றும் பல் தகடுகளையும் வேண்டாம் என்றது. கடி சரியில்லை என்று நல்ல பல்லை யாராவது ராவ வந்தால், இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்ய ஒன்று உண்டு. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். கணினி முன்னால் உட்காரும்போது கவனித்தால், பலரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்போம்.

அப்புறம், பாக்கு, குட்கா போடுகிறவருக்கு வாய் திறப்பு குறைந்து, காரம் பட்டால் எரிகிறதா? அது மூட்டாக இல்லாமல், வாயின் உட்சவ்வு நார்போல் இறுகிப்போகும், வாய்ப்புற்றுக்கு இட்டுச்செல்லக்கூடிய நோயாக இருக்கலாம். உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால், நேரே 108-ஐக் கூப்பிடுங்கள்.