கேக் தட்டிலும் தொட்டி மண்ணிலும் கடலை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கேக், பிஸ்கட் செய்யக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுவிடுவேன். "பையனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆனால் கேக்கில்தான் கடலை போடமாட்டோமே" என்பார்கள்.

போடாமலேயே வந்துவிடும். தட்டில் தடவுகிற செக்குக் கடலெண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். அப்புறம், சர்க்கரை பொடிக்கிற மிக்ஸி ஜார். காலையில் கடலைச் சட்னி அரைத்ததும் அதில்தானே? மேலாக அலசினால் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் பிசுக்கு அப்படியே இருக்கும். ரப்பரைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். கையையும் சோப்பால்தான் கழுவ வேண்டும். சானிடைசர் இந்தப் புரதத்தை அகற்றாது. ஓவன் சூட்டில் போய்விடும் என்றும் நம்பாதீர்கள். கேக்குக்கென்று ஒரு ஜாரும் சல்லடையும் தனியாக வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முட்டையில்லாத கேக் என்றால் பெரும்பாலும் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆகாது. கோதுமை ஆகாதவர்களுக்கு மைதா மட்டுமல்ல, ரவையும் கூடாது. கார பிஸ்கட்டில் சேர்க்கிற பெருங்காயத் தூளிலும் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

மாடித் தோட்டத்திலும் இதே கடலை உண்டு. செடிக்குக் கரைத்து ஊற்றுகிறோமே, கடலைப் பிண்ணாக்கு, எண்ணெய் போனபின் புரதம் செறிந்து நிற்பது அதில்தான். இடிக்கும்போது தூள் பறக்கும். பிள்ளைகள் தொட்டி மண்ணை அளைந்துவிட்டு அதே கையை வாயில் வைப்பார்கள். கடலை ஆகாத குழந்தை இருந்தால் பிண்ணாக்கை விட்டுவிட்டு மண்புழு உரத்துக்கு மாறிவிடுங்கள். கடையில் வாங்கும் கலவை மண்ணிலும் பிண்ணாக்கு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். கொல்லையில் பார்த்தீனியம் முளைத்தால் பூ விடுமுன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். அந்தச் செடி பட்டாலே சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது சாப்பிட்டதும் குழந்தைக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்தால், சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்து வைத்திருந்தால் அதை உடனே போட்டுவிட்டு, 108-ஐ அழையுங்கள்.