முத்துப்பிள்ளை

வணக்கம். கர்ப்பக் கோளாறு போல வேடம் போடும் கட்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மகப்பேறு மருத்துவரான எனக்கு முதலில் நினைவு வருவது தமிழில் அழகான பெயர் கொண்ட ஒன்று: முத்துப்பிள்ளை.

நாள் தள்ளிப்போகும். சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழும். மசக்கையோ தாங்க முடியாது. மூன்று மாத வயிறு ஐந்து மாதம் போல இருந்தால், "இரட்டைப் பிள்ளையோ?" என்பார்கள். பிறகு உதிரம் படும். கரு கலைகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்கேனில் குழந்தை இருக்காது. நஞ்சுக்கொடித் திசு வெந்த ஜவ்வரிசி போல நீர்க்குமிழ்களாகப் பொங்கியிருக்கும். முழு முத்துப்பிள்ளையில் பெரும்பாலும் குரோமோசோம்கள் எல்லாமே தந்தையுடையவை. "என்னத்தைத் தின்னு தொலைச்சே?" என்று மருமகளை அதட்டும் மாமியார்களுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன். அதற்காக மகனையும் திட்ட வேண்டாம், அம்மா.

உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்துவிடலாம். தொல்லை அதற்குப் பிறகு. சிலருக்கு மிச்சமிருக்கும் செல்கள் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறும். அரிதாக, கருச்சிதைவுக்குப் பிறகும், சுகப்பிரசவத்துக்குப் பிறகும்கூட இது வரும். அப்போது நிற்காத உதிரப்போக்கை 'நஞ்சுத் துணுக்கு தங்கிவிட்டது' என்பார்கள். நுரையீரலுக்குப் பரவி இருமலில் ரத்தம் வந்தால் காசநோய் என்பார்கள். பிள்ளை பெற்று மாதங்கள் ஆனவளுக்குக் கர்ப்பச் சோதனையா என்று சிரிக்காதீர்கள். ரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் ஏறியிருப்பதுதான் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும்.

மருந்து உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்து இதைக் கரைத்ததை 1956-இல் வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்த பிறகும், சிறுநீரில் அந்த ஹார்மோன் இருக்கிறதே என்று லீ மருந்தை நிறுத்தவில்லை. பிடிவாதக்காரர் என்று வேலையை விட்டே அனுப்பினார்கள். அவர் சொன்னதுதான் சரியாயிற்று. 1972-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதும் வந்தது. அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இன்று நாங்களும் லீயின் வழிதான். முத்துப்பிள்ளையை அகற்றிய பிறகு, எச்.சி.ஜி. அளவு இயல்புக்கு வரும்வரை வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை. பிறகு சில மாதங்களுக்கு, இடைவெளி விட்டு விட்டு. டாக்டர் சரி என்னும்வரை கருத்தரிக்கக் கூடாது. பெரும்பாலானோர் அடுத்து நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

ஆனால் மூன்றாவது வாரமே பலர் வருவதில்லை. பஸ் செலவு, வேலை, 'அதான் எடுத்தாச்சே' என்ற எண்ணம். கேட்டால், வெறும் வயிற்றோடு வர முடியவில்லை என்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.