காற்றுக்காகக் கட்டிய கோபுரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. பெரும்பாலானவற்றில் தலைமை ஊரின் நடுவே ஒரு சதுக்கம், அதன் நடுவே கோர்ட் கட்டடம், சுற்றிலும் கடைகள். கோர்ட் என்றதும் வழக்கு விசாரணை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, வரி வசூல், எந்தச் சூட்டுக்குறி யாருடைய மாடு என்ற கணக்கு, எல்லாமே அங்கேதான். தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம், முன்சீப் கோர்ட் மூன்றும் ஒரே கூரைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பத்திரம் விற்று கோர்ட் கட்டிக்கொள்ள 1881-ல் கவுண்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. ரயிலும் வந்துவிட்டதால் நல்ல கல்லைத் தொலைவிலிருந்து இறக்க முடிந்தது. அப்புறம் என்ன, பக்கத்துக் கவுண்டியைவிட உயரமாக நமக்கு வேண்டும் என்று போட்டி போட்டுக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் அதிகம் தேடப்பட்ட கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ரைலி கார்டன். அவர் கட்டியவற்றில் டல்லாஸுக்குத் தெற்கே வாக்சஹாச்சி என்ற ஊரில், 1897-ல் முடிந்த எல்லிஸ் கவுண்டி கோர்ட்டைச் சொல்கிறேன். கரிசல் பூமி, பருத்திப் பணம். இளஞ்சிவப்பு கிரானைட், சிவப்பு மணற்கல், நட்ட நடுவில் மணிக்கூண்டுக் கோபுரம்.

அந்தக் கோபுரம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. காற்றுக்காக வந்தது. இதை இன்னும் ஒரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டல் குறியை மனதில் வரையுங்கள். நான்கு கைகளும் நான்கு அலுவலகப் பகுதிகள். கைகள் சேரும் நான்கு உள்மூலைகளிலும் நிழலான தாழ்வாரம், அதற்குள் வாசல். நான்கு மூலையில் எதில் நுழைந்தாலும் நேரே நடு மண்டபத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கே ஒரு திறந்த வெளியைச் சுற்றிப் படிக்கட்டு ஏறுகிறது. அந்த வெளி மேலே கோபுரம் வரை அடைப்பில்லாமல் போகிறது. வெயிலில் கோபுரத்தின் தலை சூடாகும், உள்ளே இருக்கும் சூடான காற்று மேலேறி அங்குள்ள திறப்புகள் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, தாழ்வார நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே இழுக்கப்படும். அறைக் கதவுகளுக்கு மேலே திறந்து மூடும் மேல்ஜன்னல் இருக்கும். கதவைச் சாத்தி விசாரணை நடந்தாலும் காற்று நகர்ந்துகொண்டிருக்கும். உயரம் கூடக்கூட இழுப்பும் கூடும், அதனால்தான் அத்தனை உயரக் கோபுரம். கைகள் ஒடுக்கமானவை, ஒவ்வொரு கையிலும் மூன்று பக்கம் ஜன்னல். மின்விசிறி பரவாத காலத்தில், கோடை 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், இதுதான் குளிர்சாதனம். ஏறக்குறைய இதே வரைபடத்தை வைத்து டெகேட்டர் ஊரில் வைஸ் கவுண்டி கோர்ட்டையும் கார்டன் கட்டினார்.

வாக்சஹாச்சிக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. தாழ்வாரத் தூண்களின் தலையில் செதுக்கிய முகங்களைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. கல் செதுக்க வந்தவர் உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் மனதைப் பறிகொடுத்தாராம். முதல் தூணில் அவள் முகத்தை அழகாகச் செதுக்கினாராம். அவள் மறுக்க மறுக்க முகம் கோணிக்கொண்டே போய், கடைசித் தூணில் பல்லிளிக்கும் பேயாகிவிட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூற்றாண்டுக் கடைசியில் அமெரிக்கா முழுக்கப் பரவிய ரோமனெஸ்க் பாணியில், அதாவது பழைய ஐரோப்பியக் கட்டடங்களைப் பின்பற்றிய கனத்த கல், அரைவட்ட வளைவுப் பாணியில், இளிக்கும் முகமும் முறைக்கும் முகமும் வழக்கமான அலங்காரம். கல் வேலை ஒப்பந்தப் பட்டறைகள் மூலம் நடந்தது. அதில் பல கைகள் வேலை செய்தன. காதல் தோல்விக்காகக் கவுண்டிப் பணத்தில் கல்லைக் கெடுக்க எந்த ஒப்பந்தக்காரர் விடுவார்? கதை சொல்பவர்கள் அழகான முகத்தை முதலில் காட்டி, கோரமானதைக் கடைசியில் காட்டுகிறார்கள். கட்டடத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கதையும் தலைகீழாகிவிடும்.

கோபுரம் காற்றுக்காக வந்தது என்றேனா? ஏசி வந்ததும் அதை மறந்தார்கள். இடம் போதவில்லை என்று பல கோர்ட்டுகளில் நடு வெளியை அடைத்துத் தளம் போட்டார்கள். இரண்டு மாடி உயர விசாரணைக் கூடத்தின் குறுக்கே இன்னொரு தளம். மேல்ஜன்னலை மறைத்துப் பொய்க்கூரை. இழுப்பு நின்றது, ஈரம் உள்ளே தங்கியது. லா கிரேஞ்சில் கார்டன் கட்டிய ஃபாயெட் கவுண்டி கோர்ட்டில் நடு முற்றமே அறைகளாக மாறிவிட்டது. பிறகு சீரமைத்தபோதுதான் திரும்பத் திறந்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. காற்றை இழுக்கும் வெளி தீயையும் இழுக்கும், ஆகவே தீயணைப்பு விதிகள் அதை மூடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்று சீரமைப்பவர்கள் திறந்த வெளியை விட்டுவைத்து, தீத்தடுப்புக் கதவும் தண்ணீர்த் தெளிப்பானும் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஹில்ஸ்போரோ ஊர் கோர்ட்டைக் கட்டியவர் வேறொருவர். 1993 புத்தாண்டு நாளில் அது எரிந்து, மணிக்கூண்டே உள்ளே சரிந்தது. மறுபடி கட்டி 1999-ல் திறந்தார்கள். அதே ஆண்டில்தான் பழைய கோர்ட்டுகளைச் சீரமைக்க மாநில அரசே நிதித் திட்டம் தொடங்கியது.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். அஸ்திவாரம், தகரக் கூரை, ஆவணப் பெட்டக அறை எல்லாம் இன்னொரு நாள். கற்களுக்கு நடுவே வைக்கும் சாந்து பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய மணற்கல் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். பழைய சாந்தை எடுக்கும்போது, இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள இணைப்பு எவ்வளவு அகலமோ அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் கையுளியால் சுரண்டுங்கள். மெஷின் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். நனைத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தை ஒரே திணிப்பாக இல்லாமல் அடுக்கடுக்காக வையுங்கள். வெயில் நேரே படாமல் ஈரச் சாக்கு கட்டுங்கள். புதுக் கல் மாற்றினால், மணல் அடுக்கடுக்காகப் படிந்ததைக் காட்டும் படிவுக்கோடு படுக்கையாக இருக்கட்டும், நிறுத்தி வைத்தால் சில ஆண்டுகளில் தோல் உரிந்துவிடும். நன்றி, வணக்கம்.